கடல் இல்லாத ஊரில் அலைச்சறுக்கு: சர்ஃப்ஸ்கேட் வாங்கப் போகிறீர்களா?

பெங்களூரில் கடல் கிடையாது. கிழக்கே சென்னைக்குப் போக ரயிலில் ஏறக்குறைய 360 கிலோ மீட்டர். மேற்கே மங்களூர்க் கடலைப் பார்க்க வேண்டுமானால் சக்லேஷ்பூரிலிருந்து சுப்ரமண்யா ரோடு வரை மலைச் சரிவில் குகை குகையாக நுழைந்து இறங்க வேண்டும். அப்படியிருந்தும் இந்த ஊரில் சில பையன்கள் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அலைச்சறுக்குப் பழகுகிறார்கள். தண்ணீரில் அல்ல, தார் ரோட்டிலும் சிமெண்டுத் தரையிலும்!

அவர்கள் காலுக்குக் கீழே இருப்பது நாலு சக்கரம் பூட்டிய ஒரு பலகை. தூரத்திலிருந்து பார்த்தால் சாதாரண ஸ்கேட்போர்டு மாதிரிதான் தெரியும். ஆனால் இதில் ஏறி நிற்கிறவன் காலால் தரையை உதைத்துத் தள்ளுவதில்லை. இரண்டு காலும் பலகை மேலேயே இருக்கும். தோளைத் திருப்பி, இடுப்பை அசைத்து, முழங்காலை மடக்கி நீட்டினால் போதும்; பலகை இடமும் வலமுமாக வளைந்து வளைந்து ஓடுகிறது. இதற்குத்தான் சர்ஃப்ஸ்கேட் என்று பெயர்.

"என்ன இது, சர்க்கஸா?" என்று கேட்கிற பெரியவர்கள் இருக்கிறார்கள். சர்க்கஸ் அல்ல. அலைச்சறுக்கு, 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் முதன்முறையாக இடம் பெற்ற விளையாட்டு. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கின்போது இந்த ஒரு போட்டியை மட்டும் பசிபிக் கடலில் உள்ள தாஹிதித் தீவுக்கே கொண்டு போய் நடத்தினார்கள். நல்ல அலை எங்கே இருக்கிறதோ அங்கேதானே போக வேண்டும்! ஆகஸ்ட் 2025-ல் ஆசிய அலைச்சறுக்குப் போட்டி நம் மாமல்லபுரத்தில் நடந்தது. அதில் ரமேஷ் புதிஹால் இந்தியாவுக்கு வெண்கலப் பதக்கம் வாங்கிக் கொடுத்தார்.

கோவளம், மாமல்லபுரம் குப்பங்களில் மீனவர் வீட்டுப் பிள்ளைகள் பலர் இந்த விளையாட்டில் பேர் வாங்கியிருக்கிறார்கள். மாமல்லபுரத்துக் கமலி மூர்த்தியைப் பற்றி வாசகர்கள் கேள்விப்பட்டிருக்கலாம். சின்னப் பெண்ணாக இருந்தபோதே தரையில் சக்கரப் பலகை, கடலில் அலைப் பலகை என்று இரண்டிலும் ஏறியவர். அவரையும் அவருடைய தாயாரையும் பற்றி எடுத்த "கமலி" என்ற குறும்படம், 2020-ல் பிரிட்டனின் பாஃப்டா விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்ட படங்களில் ஒன்று. கன்னடச் சீமையிலும் இந்த விளையாட்டு உண்டு. மங்களூருக்கு வடக்கே, கொங்கண் ரயில்வேயில் முல்கி என்று ஒரு சிறு ஸ்டேஷன் இருக்கிறது. அந்த ஊர்க் கடற்கரையில் பல வருஷங்களாக அலைச்சறுக்குச் சொல்லித் தருகிறார்கள்.

ஆகவே, ஊருக்குப் போய்வரும் நம் பிள்ளைகளுக்கு இந்த ஆசை வருவதில் அதிசயம் இல்லை. கோவளத்தில் சித்தப்பா வீட்டில் நாலு நாள் தங்குகிறான். அலையில் ஏறி நிற்கக் கற்றுக்கொள்கிறான். லீவு முடிந்து பெங்களூர் திரும்பினால் அடுத்த லீவு வரை கடல் இல்லை. உடம்பு கற்றதை உடம்பே மறந்து விடுகிறது.

எங்கள் பார்சல் ஆபீசில் வேலை பார்க்கும் பெரியவர் ஒருவரின் மகனுக்கு இதே கதைதான். ஒரு நாள் டீ குடிக்கும்போது அவர் என்னைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, பையன் ஒரு பலகை கேக்கிறான். இருபத்திரண்டாயிரமாம்! என் வீட்டு வாடகையே பன்னிரண்டுதான். இது அசல் சாமானா, ஏமாத்து வேலையா? நீ பேப்பருக்கு எழுதுறவன், நாலு இடம் விசாரிச்சுச் சொல்லு" என்றார். விசாரித்தேன். பழகுகிற பையன்களிடம் கேட்டேன். பலகையைத் தலைகீழாகக் கவிழ்த்துப் போட்டும் பார்த்தேன். அவருக்குச் சொன்னதையே இங்கே எழுதுகிறேன்.

பலகையின் பூர்வீகம்

அமெரிக்காவில் கலிபோர்னியாக் கடற்கரையில்தான் இந்தக் கதை ஆரம்பிக்கிறது. அலை இல்லாத நாட்களில் சும்மா இருக்க முடியாத அலைச்சறுக்குக்காரர்கள், 1950-களில் ரோலர் ஸ்கேட் சக்கரங்களைக் கழற்றிப் பலகையில் அடித்து நடைபாதையில் ஓட்டினார்கள். அந்தக் காலத்துச் சக்கரம் இரும்பு. பிறகு களிமண் கலவை. ஒரு சிறு கல் குறுக்கே வந்தால் சக்கரம் நின்று விடும், ஆள் மட்டும் போய்க்கொண்டிருப்பான்! 1970-களின் ஆரம்பத்தில் பிராங்க் நாஸ்வொர்த்தி என்பவர் பாலியூரித்தேன் சக்கரத்தைக் கொண்டு வந்தார். ரப்பர் போல மெத்தென்று இருந்து தரையைப் பிடித்துக்கொள்ளும் சக்கரம். அதற்குப் பிறகுதான் நினைத்த இடத்தில் வளைக்க முடிந்தது. ஹவாய்த் தீவின் அலைச்சறுக்கு வீரர் லாரி பெர்ட்டில்மன் அலையில் கையை ஊன்றித் திரும்பும் பாணியை, சாண்டா மோனிகா பக்கத்துப் பையன்கள் தரையில் அப்படியே செய்து காட்டினார்கள்.

அப்புறம் ஸ்கேட்போர்டு தன் வழியே போய், படியில் குதிப்பதும் கம்பியில் வழுக்குவதுமாக வேறு விளையாட்டாகி விட்டது. அதை மறுபடி கடல் பக்கம் திருப்பியவர்கள் கலிபோர்னியாவின் வெனிஸ் கடற்கரையைச் சேர்ந்த இருவர். நீல் கார்வர், கிரெக் பால்க் என்பவர்கள் 1990-களின் நடுவில் செய்து பார்த்த முன் அச்சுதான் "கார்வர்" என்ற கம்பெனியாக வளர்ந்தது. இன்று ஸ்பெயினின் "யோ", ஆஸ்திரேலியாவின் "ஸ்மூத்ஸ்டார்" என்று பல பெயர்கள் கடையில் அடிபடுகின்றன.

சூட்சுமம் முன் அச்சில்

அமெரிக்க ரயில்வேக்காரர்கள், பெட்டிக்கு அடியில் சக்கரங்களைத் தாங்கி வளைவுக்கு ஏற்பத் திரும்புகிற போகியை "டிரக்" என்று சொல்வார்கள். இந்தப் பலகையின் அச்சுக் கட்டுக்கும் டிரக் என்றுதான் பேர். லாரி என்று நினைத்துவிட வேண்டாம்.

கடலில் ஓட்டும் அலைப் பலகைக்கு அடியில், வால் பக்கம் மட்டும் மீன் துடுப்புப் போன்ற தகடுகள் இருக்கும். அதனால் வால் பக்கம் தண்ணீரில் ஊன்றிக்கொள்ள, மூக்குப் பக்கம் வீசித் திரும்பும். கட்டுமரத்தில் பின்னால் இருப்பவர் துடுப்பை ஊன்ற, முன்பக்கம் திரும்புவதைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று விளங்கும். சர்ஃப்ஸ்கேட் இதைத் தரையில் செய்து காட்டுகிறது. பின் டிரக் சாதாரணமானது, ஊன்றி நிற்கும். முன் டிரக்தான் கதவுக் கீல் போல இரு பக்கமும் தாராளமாகத் திரும்பும். சாதாரண ஸ்கேட்போர்டில் முன்னும் பின்னும் ஒரே மாதிரி டிரக். இந்த வித்தை அதில் வராது.

முன் டிரக்கில் இரண்டு ஜாதி உண்டு. ஒன்றில் உள்ளே ஸ்பிரிங் இருக்கிறது. திரும்பும் கை ஒன்று அதில் இழுபட்டு மறுபடி நடுவுக்கு வரும். கார்வரின் சி7 இந்த ரகம். யோவும் ஸ்பிரிங் வைத்ததுதான். இன்னொன்றில் ஸ்பிரிங் கிடையாது; கெட்டியான ரப்பர் புஷ்களும் அச்சின் சாய்வும் சேர்ந்து திருப்பும். கார்வரின் சிஎக்ஸ் அப்படி. ஸ்பிரிங் உள்ளது கடலுக்குக் கிட்டே வரும், நின்ற இடத்திலிருந்தே வேகம் எடுக்கும். ஆனால் காலுக்கடியில் வழுக்குகிற மாதிரி இருக்கும். ஸ்பிரிங் இல்லாதது கொஞ்சம் தாழ்வாக, கட்டுப்பாடாக இருக்கும். தெருமுனைக் கடை வரை போய்வரவும் உதவும். என்னைக் கேட்டால், கடலில் ஏற்கெனவே ஏறிப் பழகி, அதை மறக்காமல் இருக்க விரும்புகிறவனுக்கு ஸ்பிரிங் ரகம். கடலையே பார்க்காமல் பலகை விளையாட்டுக்காக மட்டும் வாங்குகிறவன், முதலில் ஸ்பிரிங் இல்லாததில் ஏறட்டும்.

கடையில் என்ன பார்ப்பது?

முதலில் பேரைப் பார்த்து ஏமாற வேண்டாம். இரண்டே சக்கரத்தில் நெளிந்து ஓடும் ஒரு பிளாஸ்டிக் பலகைக்கு "வேவ்போர்டு" என்று பேர். வேவ் என்றால் அலைதானே என்று வாங்கி வந்து விடுகிறார்கள். அது வேறு விளையாட்டு. 22 அங்குலப் பிளாஸ்டிக் குட்டிப் பலகையும் இதற்கு ஆகாது. நீளமான லாங்போர்டு நேராகப் போக நல்லது. அலைத் திருப்பம் அதில் வராது. மேலே தென்னை மரமும் கடலும் வரைந்திருப்பதால் ஒரு பலகை சர்ஃப்ஸ்கேட் ஆகி விடாது. கவிழ்த்துப் பாருங்கள். முன் டிரக்கும் பின் டிரக்கும் அச்சாக ஒன்று போல இருந்தால், கடைக்காரர் என்ன சொன்னாலும் அது சாதாரணப் பலகைதான்.

அசல் ரகம் என்றால் அடுத்த சோதனை. பலகையைத் தரையில் வைத்து ஓரத்தைக் கையால் அழுத்துங்கள். மூக்குப் பக்கம் வெடுக்கென்று திரும்ப வேண்டும். கையை எடுத்தால் நடுவுக்கு வர வேண்டும். பிறகு முன் டிரக்கைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். "லொட லொட" என்று ஆட்டம் கொடுத்தால் வேண்டாம். பக்கவாட்டில் திரும்புவதுதான் அதன் வேலை. மேலும் கீழும் ஆடுவது தேய்மானம். பேர் தெரியாத மலிவு ரகங்களிலும், பழைய பலகைகளிலும் பழுது பெரும்பாலும் இந்த இடத்தில்தான் காட்டும்.

அளவு விஷயத்தில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். "பெரிசா வாங்கினா நாளைக்கும் ஆகும்" என்பது பள்ளிக்கூட யூனிபாரத்துக்குச் சரி. இதற்குச் சரி வராது. பார்க்க வேண்டியது பலகையின் நீளத்தை விட, இரண்டு டிரக்குகளுக்கு நடுவே உள்ள தூரத்தை. வீல்பேஸ் என்று ரயில்வேயிலும் இதைத்தான் சொல்கிறோம். அது குறைந்தால் வளைவு கூர்மையாக வரும்; கூடினால் வளைவு அகலமாக, நிதானமாக இருக்கும். பெரும்பாலும் 16 அங்குலத்திலிருந்து 19 அங்குலத்துக்குள் இருக்கும். பையனைப் பலகை மேல் நிற்கச் சொல்லுங்கள். தோள் அகலத்தை விடக் கொஞ்சம் அதிகமாகக் காலை விரித்து, முழங்காலை மடக்கி நிற்கட்டும். முன் கால் முன் டிரக்கின் போல்ட்டுகளை ஒட்டியும், பின் கால் பின் டிரக்குக்கு நேர் மேலேயும் இயல்பாக விழுந்தால் அது அவன் பலகை. காலை இழுத்து இழுத்து வைக்க வேண்டியிருந்தால் அது வேறு யாருடைய பலகையோ! தோராயமாகச் சொன்னால், ஐந்தே கால் அடிக்காரனுக்கு 30 அங்குல நீளம், ஆறடிக்காரனுக்கு 33, 34.

சக்கரம் பெரிதாக, மெத்தென்று இருக்க வேண்டும். 65 முதல் 70 மில்லி மீட்டர் வரை குறுக்களவு நல்லது. சக்கரத்தின் மேலேயே "78ஏ" என்கிற மாதிரி ஓர் எண் அச்சிட்டிருப்பார்கள். அது கெட்டித்தன்மையின் அளவு. எண் குறையக் குறைய மென்மை. படியில் குதிக்கிற ஸ்கேட்போர்டுக்கு 52, 54 மில்லி மீட்டரில் 99ஏ சக்கரம் போடுவார்கள். நம் ரோட்டு ஜல்லியில் அது பல்லைத்தான் உடைக்கும். 78 முதல் 82 வரை போதும்.

பேரிங் பற்றிக் கடைக்காரர்கள் பெரிதாகப் பேசுவார்கள். அதற்குக் காசு கொட்ட வேண்டாம். உள்ளே இருப்பது 608 என்ற சாதாரண அளவு. எந்தப் பேரிங் கடையிலும் கிடைக்கும். அதே போல ஸ்பேனர். டிரக்கின் நடு நட்டுக்கு 9/16 அங்குலம், சக்கர நட்டுக்கு அரை அங்குலம். பட்டறை வேலை தெரிந்த நம்மவர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதே இல்லை. நடு நட்டை இறுக்கினால் பலகை விறைக்கும்; தளர்த்தினால் நெகிழும். புதிதாக ஏறுகிறவனுக்கு முதல் வாரம் கொஞ்சம் இறுக்கியே வைத்துக் கொடுங்கள்.

இருபத்திரண்டாயிரம் என்ன ஆயிற்று?

வெளிநாட்டு உயர்ந்த ரகம், அது செய்யப்படும் ஊரிலேயே இருநூறு டாலருக்கு மேல். கப்பல் கூலியும் சுங்கமும் சேர்ந்தால் இங்கே இருபதாயிரத்தைத் தாண்டுவது கொள்ளை லாபம் என்று சொல்ல முடியாது. சாமான் அசல்தான் என்று பெரியவரிடம் சொன்னேன். ஆனால் கடையில் பையனுக்குக் காட்டியது 34 அங்குலம். பையனோ ஐந்தடி மூன்றங்குலம். ஏறி நின்றபோது இரண்டு காலும் அகல விரிந்து, உட்கார்ந்து எழவே முடியவில்லை.

வேலை மாறி வேறு ஊருக்குப் போகிற கம்ப்யூட்டர் கம்பெனி இளைஞர் ஒருவர், மூன்று மாதம் மட்டும் ஓட்டிய 30 அங்குலப் பலகையை விற்க வைத்திருந்தார். மேலே படம் எதுவும் கிடையாது. வெறும் மரம், கறுப்புச் சொரசொரப்புத் தாள். பெரியவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முன் டிரக்கைத் தானே ஆட்டிப் பார்த்தார். பத்தாயிரம் கேட்டவரிடம் எட்டாயிரத்து ஐந்நூறுக்கு முடித்தார். தலைக்கவசமும் மணிக்கட்டுக் காப்பும் இரண்டாயிரம் ஆயிற்று. "மிச்சத்துல இவன் நாலு தடவை கோவளம் போய் வந்துடுவானே!" என்று அங்கேயே கணக்குப் போட்டார். எனக்கு அந்தக் கணக்கு ரொம்பப் பிடித்தது. பலகைக்கே எல்லாப் பணத்தையும் கொட்டிவிட்டுக் கடலுக்குப் போகக் காசில்லாமல் நிற்பதில் என்ன பிரயோஜனம்?

வீட்டில் ஏற்கெனவே நல்ல ஸ்கேட்போர்டு கிடந்தால் இன்னொரு வழியும் உண்டு. பலகைக்கும் முன் டிரக்குக்கும் நடுவே பூட்டுகிற "அடாப்டர்" தனியாக விற்கிறார்கள். செலவு குறையும். ஆனால் பலகையின் முன்பக்கம் உயர்ந்து விடும். பின்னாலும் கட்டை வைத்துச் சமன் செய்ய வேண்டும். பெரிய சக்கரம் போட்டால் திரும்பும்போது பலகையில் உரசுகிறதா என்று பார்க்க வேண்டும். உரசினால் சக்கரம் திடீரென்று நின்று ஆளைத் தூக்கி எறியும். கை வேலை தெரிந்தவர்கள் மட்டும் இதில் இறங்கலாம்.

எங்கே, எப்படி?

நம் பேட்டைகளின் நடைபாதைக் கற்பலகைகளைப் பற்றி வாசகர்களுக்குத் தெரியாதது இல்லை. ஒன்று மேலே, ஒன்று கீழே, நடுவில் ஒன்று காணோம்! இதில் மனிதன் நடப்பதே வித்தை. சிமெண்டுப் பூசிய பூப்பந்து மைதானம், வண்டி நிறுத்தாத அடித்தளம், விடிகாலைப் பள்ளிக்கூட முற்றம் (அனுமதி கேட்டுக்கொண்டு) இவைதான் ஏற்றவை. மேம்பாலச் சரிவு கூடவே கூடாது. முன் டிரக் தளர்வாக இருப்பதால் வேகம் கூடினால் பலகை உதற ஆரம்பிக்கும். பிரேக்கும் கிடையாது. சமதரையில் உடம்பு அசைவில் வருகிற வேகமே போதும். பழகுவதற்கு வாங்கியதும் அதற்குத்தான்.

விழாமல் யாரும் கற்றதில்லை. விழும்போது எல்லோரும் கையைத்தான் ஊன்றுகிறார்கள். மணிக்கட்டுதான் முதலில் முறிகிறது. கை வேலை செய்து சம்பளம் வாங்குகிறவனுக்கு மணிக்கட்டு முறிந்தால் ஆறு வாரச் சம்பளம் போச்சு. ஆகவே மணிக்கட்டுக் காப்பு இல்லாமல் ஏறவே விடாதீர்கள். தலைக்கவசம் பின் மண்டையையும் மூடுவதாக இருக்கட்டும். இந்தப் பலகை முன்னே நழுவி ஆளைப் பின்னால் தள்ளுவது வழக்கம்.

பழகும் முறையைக் கோவளத்தில் கற்றவர்கள் இப்படிச் சொல்கிறார்கள். தரையில் சாக்கட்டியால் நீளமாக ஒரு கோடு போட்டுக்கொள். அதுதான் அலையின் உச்சி. அதற்கு ஆறடி கீழே இன்னொரு கோடு, அது அடிவாரம். கீழே வரும்போது முழங்காலை நன்றாக மடக்கு. திரும்பி மேலே ஏறும்போது நீட்டு. உச்சியில் மறுபடி திரும்பு. முதலில் கண், பிறகு தோள், பிறகு இடுப்பு, கடைசியில்தான் கால். காலை மட்டும் வெடுக் வெடுக்கென்று ஆட்டினால் பலகை ஓடத்தான் செய்யும். ஆனால் அதே பழக்கத்தோடு கடலுக்குப் போனால் தண்ணீர் ஒத்துழைக்காது. கோடு போடச் சாக்கட்டி இல்லாவிட்டால் ஹவாய்ச் செருப்புகளை வரிசையாக வைத்து வளைந்து போகலாம்.

இதன் பலன் என்ன என்றால், திரும்பத் திரும்பச் செய்வதுதான். கடலில் ஒரு மணி நேரம் இருந்தால், படுத்துத் துழாவுவதிலும் காத்திருப்பதிலும் பெரும்பகுதி போய் விடும். அலை மேல் நிற்பது மொத்தமாகச் சில நிமிஷம்தான். தரையில் அரை மணி நேரத்தில் நூறு தடவை திரும்பலாம். ஆனால் துழாவுவது, படுத்தவன் துள்ளி எழுவது, எந்த அலை நல்ல அலை என்று கண்டுகொள்வது இவை எதையும் சக்கரம் சொல்லித் தராது. நீச்சலும் அப்படியே. பலகை கேட்கிற பையனுக்கு நீச்சல் தெரியாவிட்டால், முதல் செலவு நீச்சல் குளத்துக்குக் கட்டணமாகட்டும்.

வாங்கிய பிறகு பராமரிப்பு அதிகம் இல்லை. மழைத் தண்ணீரில் ஓட்டக் கூடாது. பேரிங் துருப்பிடிக்கும், சக்கரமும் வழுக்கும். மாதம் ஒரு முறை நட்டுகளைச் சரி பார்க்க வேண்டும். கோவளத்துக்கோ முல்கிக்கோ போகும்போது பலகையை வீட்டிலேயே வைத்து விட்டுப் போவது நல்லது. கடற்கரை மணலும் உப்பும் ஒரு நாளில் பேரிங்கைத் தின்று விடும். அங்கே அலைப் பலகை வாடகைக்கே கிடைக்கிறது.